நீஸில் ஆறு நாள்: டூர் பேக்கேஜ் இல்லாமல் சுற்றிப் பார்க்க ஒரு வழிகாட்டி

நீஸுக்குப் பக்கத்து மலையூரான ஏஸின் ஸ்டேஷனில் இறங்கி, ஊர் எங்கே என்று தலையை நிமிர்த்திப் பார்த்தபோதுதான் அது எங்கள் தலைக்கு மேலே இருப்பது தெரிந்தது. ஸ்டேஷன் கடலோரத்தில். ஊர் 429 மீட்டர் உயரத்தில், பாறை உச்சியில். கூட வந்த அம்மாவுக்கு வயது 67, இரண்டு முழங்காலிலும் வலி. மேலே போகும் பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கம்பத்தில் ஒட்டியிருந்த அட்டவணை சொன்னது.

பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் நீஸ் நகரில் தங்கிக்கொண்டு தினம் ஓர் ஊராகப் போய்வர, நான், மனைவி, அம்மா மூவரும் செப்டம்பரில் போயிருந்தோம். அங்கே தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. எல்லா ஊரும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். நாள் வீணாவதெல்லாம் தப்பான கிழமையில் போவதாலும், தப்பான ஸ்டேஷனில் இறங்குவதாலும், தப்பான டிக்கெட்டை வைத்திருப்பதாலும்தான். மூன்றிலும் நாங்கள் மாட்டினோம். நீங்கள் மாட்ட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். ரயிலில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. ஏப்ரலில் வெயில் அடித்தாலும் கடல் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், குளிக்க முடியாது.

பிப்ரவரியில் நீஸ் கார்னிவலும் மாந்தோன் எலுமிச்சைத் திருவிழாவும் நடக்கும். மே மாதத்தில் கான் திரைப்பட விழா. மொனாக்கோவில் ஃபார்முலா ஒன் பந்தயம் 2025 வரை மே இறுதியில் நடந்தது, 2026 முதல் ஜூன் தொடக்கத்துக்கு மாறிவிட்டது. இந்த நாட்களில் கடற்கரை முழுக்க ஓட்டல் வாடகை எகிறிவிடும். விழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் சரி. இல்லையென்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். பந்தயத்துக்கு வாரக்கணக்கில் முன்பே மொனாக்கோ தெருக்களில் தடுப்பும் கேலரியும் கட்டத் தொடங்கிவிடுவார்கள். அப்போது போனால் துறைமுகத்தைக் கம்பி வலைக்குப் பின்னால் நின்றுதான் பார்க்க வேண்டும்.

2. விசா: மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு, கிளம்புவதற்கு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல 15 நாள் எடுப்பார்கள், சந்தேகம் வந்தால் 45 நாள்கூட ஆகலாம். சென்னையிலேயே, விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் கொடுத்துவிடலாம். ஆனால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்கே ஏப்ரல், மே மாதங்களில் இழுத்துவிடும். அதனால்தான் மூன்று மாதம் என்கிறேன்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு 45, அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டால் இது எதுவும் திரும்பி வராது.

எடுத்து வைக்க வேண்டியவை:

- பாஸ்போர்ட்: ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும், பத்து ஆண்டுக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக வேண்டும்.
- பயணக் காப்பீடு: குறைந்தது 30,000 யூரோவுக்கு, இறங்கும் நாளிலிருந்து கிளம்பும் நாள் வரை.
- எல்லா இரவுக்கும் ஓட்டல் முன்பதிவு, போகவர விமான முன்பதிவு. விசா வரும்வரை ரத்து செய்யக்கூடியதாகவே போடுங்கள்.
- மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம்.
- எந்த நாள் எங்கே என்று ஒரு பக்கத்தில் எழுதிய பயணத் திட்டம்.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மாமாவிடம் இரண்டு லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டு இருப்பைக் கூட்டிக் காட்டுவது. அவர்கள் பார்ப்பது வரவு செலவின் ஓட்டத்தை; திடீரென்று விழுந்த தொகை எதற்கும் உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். இரண்டாவது நம் ஊருக்கே உரிய இனிஷியல் தொல்லை. அம்மாவின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, பென்ஷன் வரும் வங்கிக் கணக்கில் ஓர் எழுத்து மட்டும். "இரண்டும் ஒரே நபர்தான்" என்று முகப்புக் கடிதத்தில் ஒரு பத்தி எழுதி, இரண்டு பெயரும் பொருந்தும்படியான ஆவண நகலை இணைத்தேன். செலவு நான் செய்கிறேன் என்ற கடிதமும், நான் அவர் மகன் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ் நகலும் வைத்தேன். கேள்வி எதுவும் வரவில்லை.

ஒரு முறை மட்டுமே உள்ளே நுழையக்கூடிய சிங்கிள் என்ட்ரி விசா வந்துவிட்டதே, மொனாக்கோவுக்கும் இத்தாலிக்கும் போய்வர முடியுமா என்று பலர் பயப்படுகிறார்கள். போகலாம். இத்தாலி ஷெங்கனுக்குள் இருக்கிறது. மொனாக்கோ தனி நாடுதான், ஆனால் பிரான்ஸோடு திறந்த எல்லை. இரண்டிலும் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கில்லை.

இந்தியாவிலிருந்து நீஸுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா வழியாகப் போனால் குடிநுழைவுச் சோதனை நீஸிலேயே. பாரிஸ், ஃபிராங்ஃபர்ட் வழியாகப் போனால் அங்கேயே முடித்துவிட வேண்டும். முகப்படமும் கைரேகையும் கணினியில் பதியும் புதிய முறை 2025 அக்டோபரில் தொடங்கியதிலிருந்து வரிசை நீண்டுவிட்டது. இணைப்பு விமானத்துக்கு நடுவே மூன்று மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள்.

3. பணம்

கிளம்பும் முன் வங்கிச் செயலியில் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது "ரூபாயில் வேண்டுமா, யூரோவில் வேண்டுமா" என்று இயந்திரம் கேட்கும். எப்போதும் யூரோவையே தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றிவிடுவார்கள். பொதுக் கழிப்பறைக்கும் பஸ்ஸுக்கும் சில்லறை நாணயம் வேண்டும். பத்துப் பதினைந்து யூரோ சில்லறையாக எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஓட்டல் வாடகைக்கு மேல் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாகக் கேட்பார்கள். அது ஏமாற்று அல்ல.

4. எங்கே தங்குவது

கடலைப் பார்த்த அறைக்கு ஆசைப்படாதீர்கள். பகல் முழுக்க அறையில் இருக்கப் போவதில்லை. நீஸ்-வில் ஸ்டேஷனுக்கும் மசேனா சதுக்கத்துக்கும் நடுவே, டிராம் பாதையை ஒட்டி எடுங்கள். ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம், கடலுக்குப் பதினைந்து நிமிட நடை. லிஃப்ட் இருக்கிறதா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அங்கே "முதல் மாடி" என்று சொல்வது பழைய கட்டடங்களில் நாற்பது படிக்கு மேலே இருக்கலாம். முதல் நாள் பெட்டியோடு ஏறியவன் சொல்கிறேன்.

5. ரயில், பஸ், டிராம்: மூன்றுக்கும் டிக்கெட் வேறு

எல்லாக் குழப்பமும் இங்கேதான்.

கடலோர ரயிலின் பெயர் டெர். நீஸ்-வில் ஸ்டேஷனிலிருந்து கிழக்கே வில்ஃபிரான்ஷ் 8 நிமிடம், மொனாக்கோ 25, மாந்தோன் 40, இத்தாலியின் வென்டிமிலியா 50 நிமிடத்தை ஒட்டி. மேற்கே ஆன்டீப், கான் இரண்டும் அரை மணி, முக்கால் மணிக்குள். நாங்கள் போனபோது மொனாக்கோவுக்கு ஒரு வழி 5 யூரோவைச் சுற்றி இருந்தது; இந்த வரிசையில் எந்த ஊருக்கும் 10 யூரோ தாண்டவில்லை. டிக்கெட்டை முன்கூட்டி வாங்கினால் விலை குறையும் என்பதெல்லாம் நெடுந்தூர ரயிலுக்கு. இங்கே அன்று காலை வாங்கினால் போதும். கிழக்கே போகும்போது வலதுபுறம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்.

ஸூ என்று எழுதிய பஸ்கள் மாகாண அரசுடையவை. ஒரு பயணம் 2.50 யூரோ. நீஸ் நகர டிராமும் பஸ்ஸும் வேறு நிறுவனம். ஒரு பயணம் 1.70 யூரோ, 74 நிமிடத்துக்குள் மாறி ஏறலாம், ஆனால் அதே டிக்கெட்டில் திரும்பி வரக் கூடாது. ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. நகர டிக்கெட்டை ஏற்றிக்கொள்ள ஓர் அட்டை தருவார்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். டிராமில் ஏறியதும் அட்டையை இயந்திரத்தில் காட்டிப் பதிய வேண்டும். பணம் கட்டியாயிற்றே என்று பதியாமல் உட்கார்ந்தாலும் அபராதம்தான். எனக்கு விழுந்தது. "முதல் நாள், தெரியாது" என்று சொல்லிப் பார்த்தேன். பரிசோதகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ரசீதை எழுதினார்.

பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு 100-ஆம் எண் பஸ்ஸைத் தேடாதீர்கள். மொனாக்கோ வழியாக மாந்தோன் போகும் அந்தக் கடலோர பஸ்ஸின் எண் இப்போது 607. ரயிலைவிட மெதுவாகப் போகும், ஆனால் காட்சி ரயிலில் கிடைக்காது. ரயில் பாதி நேரம் குகைக்குள் ஓடுகிறது.

நான்கு பிரெஞ்சுச் சொற்களைத் தெரிந்துகொண்டு போங்கள்: "லந்தி" திங்கள், "மார்தி" செவ்வாய், "ஃபெர்மே" மூடியிருக்கிறது, "க்ரேவ்" வேலைநிறுத்தம். கடைசிச் சொல்லை முந்தின நாள் மாலையே ரயில்வே செயலியில் தேடிவிடுங்கள். வேலைநிறுத்தம் அங்கே அபூர்வமில்லை. ஞாயிறும் விடுமுறையும் பஸ்கள் குறைவு. மே 1 அன்று பொதுப் போக்குவரத்தை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்.

6. எந்தக் கிழமை எந்த ஊர்

திங்களன்று ஆன்டீப் போகாதீர்கள். பிக்காசோ அருங்காட்சியகம் மூடியிருக்கும். நீஸின் கூர் சலேயா பூ, காய்கறிச் சந்தையும் திங்களன்று கிடையாது. அன்று அங்கே பழம்பொருள் சந்தை. செவ்வாயன்று நீஸில் ஓவியர்கள் மத்தீஸ், ஷகால் பெயரில் இருக்கும் அருங்காட்சியகங்கள் இரண்டுக்கும் விடுமுறை. வெள்ளியன்று வென்டிமிலியாவில் பெரிய தெருச் சந்தை. பிடிக்குமென்றால் அன்று போங்கள், பிடிக்காதென்றால் அன்று அந்த ரயில் பக்கமே போகாதீர்கள்.

*வில்ஃபிரான்ஷ், போல்யூ.* முதல் நாளுக்கு இதுதான். நீஸ் கடற்கரையில் மணல் கிடையாது, முழுக்க உருண்டைக் கூழாங்கல். இரண்டடி உள்ளே போனதும் ஆழம் சட்டென்று இறங்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வில்ஃபிரான்ஷ் ஸ்டேஷனுக்கு நேர் கீழே இருக்கும் கடற்கரை தோது. அடுத்த ஸ்டேஷன் போல்யூ. அங்கிருந்து நடந்தோ 15-ஆம் எண் பஸ்ஸிலோ எஃப்ரூஸி ரோத்ஷில்ட் மாளிகைக்குப் போகலாம். தோட்டத்தில் இசைக்கேற்ப ஆடும் நீரூற்றுகளின் எதிரே ஒரு பெஞ்சைப் பிடித்து அம்மா ஒரு மணி நேரம் அசையவில்லை.

*ஏஸும் மொனாக்கோவும்.* இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம், வரிசை முக்கியம். ரயிலில் ஏஸ் போகாதீர்கள். டிராமில் வோபான் நிறுத்தம் போய், அங்கிருந்து 82-ஆம் எண் நகர பஸ்ஸில் ஏறினால் ஊர் வாசலில் இறக்கிவிடும். ரயிலில் போய்விட்டால் கீழிருந்து 83-ஆம் எண் பஸ் உண்டு. இல்லையென்றால் நீட்ஷே பெயரில் ஒரு மலைப்பாதை. நல்ல காலுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வெயிலில் நிழல் இல்லை. நாங்கள் அன்று ஸ்டேஷன் எதிரே சுவரில் உட்கார்ந்து, கொண்டுபோன முறுக்கைத் தின்று 83-க்குக் காத்திருந்தோம். ஊருக்குள்ளும் கல் படிகள்தான். உச்சியில் இருக்கும் கள்ளித் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, காட்சிக்கு அது தகும். முழங்கால் வலி இருப்பவர்கள் கீழே முற்றத்தில் உட்கார்ந்துவிடுவது நல்லது.

ஏஸை காலையில் முடித்து, 602-ஆம் எண் ஸூ பஸ்ஸில் மொனாக்கோ போய், மாலை ரயிலில் நீஸ் திரும்புங்கள். ஆளுக்குப் பத்து யூரோவுக்குள் முடிந்துவிடும். சென்னையில் ஒரு ஏஜென்ட் இதே சுற்றுக்கு எங்களிடம் தலைக்கு 90 யூரோ சொன்னார். ஞாயிறன்று மட்டும் இந்த இணைப்பை நம்பிப் போகாதீர்கள்.

மொனாக்கோவில் அரண்மனைக் காவலர் மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் கணக்கு வேறு. அது தினம் காலை 11.55-க்கு, 11.30-க்கே முற்றத்தில் நிற்க வேண்டும். அன்று ஏஸை விட்டுவிட்டு, காலை ரயிலில் நேராக மொனாக்கோ. பார்க்க ஐந்து நிமிடம்தான், அதற்காக ஒரு காலையை ஒதுக்குவது உங்கள் விருப்பம். கடலியல் அருங்காட்சியகம் அங்கிருந்து சில நிமிட நடை. டிக்கெட் 20 யூரோவுக்கு மேல், பிள்ளைகள் இருந்தால் கொடுக்கலாம். ஊர் முழுக்கச் செங்குத்து, ஆனால் தெருவுக்குத் தெரு பொது லிஃப்ட் இருக்கிறது, காசு இல்லை. மலை ஏறும் முன் லிஃப்ட் குறியைத் தேடுங்கள். ரயில் நிலையம் நிலத்தடியில், வாசல்கள் பல. அரண்மனைக்கு ஒன்று, துறைமுகத்துக்கு ஒன்று, கேசினோவுக்கு ஒன்று. பலகையைப் படிக்காமல் கூட்டத்தோடு வெளியேறினால் கால் மணி நேரம் சுற்றுவீர்கள். சுற்றுலா அலுவலகத்தில் பாஸ்போர்ட்டில் நினைவு முத்திரை குத்தித் தருவார்கள். கேட்க ஆசையாக இருக்கும், காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசு ஆவணத்தில் விளையாட்டு முத்திரை எதற்கு?

*மாந்தோன், வென்டிமிலியா.* கிழக்குக் கோடி. மாந்தோனின் மஞ்சள், ஆரஞ்சு வீடுகள், எலுமிச்சை, கூட்டமில்லாத தெரு: எனக்கு மிகவும் பிடித்த ஊர் இதுதான். அங்கிருந்து ஒரே தாவலில் இத்தாலி. போகும்போது யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். திரும்பும்போது எல்லையை ஒட்டிய மாந்தோன்-காரவான் ஸ்டேஷனில் பிரெஞ்சுப் போலீஸ் ரயிலில் ஏறிச் சோதிக்கும். அசல் பாஸ்போர்ட் கையில் வேண்டும், போனில் இருக்கும் படம் போதாது. சந்தையில் பிராண்ட் பெயர் போட்ட போலிக் கைப்பை மலிவாகக் கிடைக்கும். தொடாதீர்கள்: இத்தாலியச் சட்டப்படி வாங்கியவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் உண்டு.

*ஆன்டீப்.* அரை நாள் போதும். கோட்டைச் சுவரோரம் நடை, சந்தை, பிக்காசோ.

ரயிலிலும் டிராமிலும் ஜேப்படிக்காரர்கள் உண்டு, முக்கியமாக ஏறும் நெரிசலில். பாஸ்போர்ட் உள் பையில், பை முன்பக்கம்.

7. சாப்பாடு, சைவர்களுக்கு

மதியம் 12 முதல் 2 வரைதான் சமையலறை. மாந்தோனில் இரண்டரைக்குப் போய்க் கேட்டோம். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் கையை விரித்தார். அடுத்து 7 மணிக்குத்தான். அன்று பேக்கரி ரொட்டிதான் மதியச் சாப்பாடு.

நீஸின் சொந்தத் தின்பண்டம் சோக்கா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. வண்டிச் சக்கரம் போன்ற செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவார்கள். ஓரம் கருகி, நடுவில் மெத்தென்று, மேலே மிளகுத் தூள். காகிதத்தில் சுரண்டி வைத்துத் தருவார்கள், சூடு ஆறினால் ருசி போய்விடும். அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, "கடலை மாவு அடைதானே, வெங்காயம் போட மறந்துட்டாங்க" என்றார். மறுநாளும் அதையேதான் கேட்டார்.

ஏமாறும் இடம் வெங்காயம் பரப்பிய பிசாலதியேர். பார்க்க சைவ பீட்சா போலவே இருக்கும், ஆனால் நெத்திலி போன்ற மீன் அதில் உண்டு. நீஸ் சாலட்டிலும் பான் பான்யா ரொட்டியிலும் சூரை மீன் இருக்கும். "சான் வியாந்த், சான் புவாசோன்" என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், முதலாவது மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். தண்ணீருக்கு "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். வெறும் தண்ணீர் என்று கேட்டால் பாட்டிலைத் திறந்துவிட்டு பில்லில் போடுவார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது.

8. கடைசி நாளை நீஸுக்கு விடுங்கள்

காலையில் கூர் சலேயா சந்தை, பிறகு கோட்டைக் குன்று. படி ஏற வேண்டாம். கடற்கரைச் சாலையின் கிழக்கு முனையில் குன்றுக்குள் குடைந்த லிஃப்ட் இருக்கிறது, இலவசம். மேலே நிற்கும்போது சரியாக 12 மணிக்கு ஒரு வெடிச் சத்தம் கேட்கும். தினமும் நண்பகலுக்கு அப்படி ஒரு வெடி வெடிப்பார்கள், பயப்பட வேண்டாம். அம்மாவிடம் முன்பே சொல்லி வைக்க மறந்துவிட்டேன்.

விமான நிலையத்துக்கு இரண்டாம் எண் டிராம். அதற்கு டிக்கெட் எடுக்கும் முன், விமான நிலையப் பயணத்துக்கான கட்டணம் எது என்று இயந்திரத்திலேயே பார்த்துவிடுங்கள். டிராமின் நெற்றியில் எழுதியிருப்பதையும் படியுங்கள். இதே பாதை கடைசியில் இரண்டாகப் பிரிகிறது; "ஏரோபோர்" என்று எழுதியது விமான நிலையம் போகும், "கதாம்" என்று எழுதியது வேறு பக்கம் போய்விடும். தப்பாக ஏறிவிட்டால் பதற வேண்டாம், பிரிவதற்கு முன் வரும் கிரான் அரேனா நிறுத்தத்தில் இறங்கி அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். பெட்டிகளோடு அதையும் நாங்கள் செய்து பார்த்தாயிற்று.